மீட்டரில் ஏறாத ஓட்டம்

கோலாலம்பூரின் புடுராயா பேருந்து நிலையம் 1976-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் மலாக்காவுக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பிய அந்தக் கால வெளியூர் டாக்சிகளில் பழைய மெர்சிடிஸ் டீசல்கள் நிறைய. நாலு பேர் சேர்ந்தால் வண்டி எடுப்பார்கள். சேரும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றியது இரட்டை வரிசை இரும்புச் செயின். எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்தால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே முன்பக்கத்துச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் கேட்ட பிறகும் பட்டறைக்கு ஓட்டிப் போக அவகாசம் பெரும்பாலும் இருக்கும். எப்போது மாற்றுவது என்பதை டிரைவரின் காதே முடிவுசெய்தது.

அதே 1976-இல்தான் ஜெர்மனியில் ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் டீசல் வந்தது. அதில் செயின் கிடையாது. பல் வைத்த ரப்பர் பெல்ட். 1960-களின் தொடக்கத்தில் கிளாஸ் என்ற சிறிய மேற்கு ஜெர்மன் நிறுவனம் தன் காரில் ஓட்டிக் காட்டிய யோசனை அது. விலை குறைவு, எடை குறைவு, சத்தம் இல்லை, ஆயில் வேண்டாம். ஜப்பான் நிறுவனங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. நம் சாலைகளில் ஓடிய டொயோட்டா ஹைலக்ஸின் 2.4 லிட்டர் டீசல், மிட்சுபிஷி பஜேரோவின் 2.5 லிட்டர் டீசல், இரண்டும் பெல்ட் எஞ்சின்கள். 1985 ஜூலை 9-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் பெட்ரோல் எஞ்சினும் பெல்ட். 1990-களில் புரோட்டோன் வீரா 2 லிட்டர் டீசலோடு வந்தபோது அதுவும் பெல்ட்.

ரப்பர் என்றதும் நம் பாட்டன் பாட்டி தோட்டத்தில் சீவிய பால் நினைவுக்கு வரும். இது அந்த ரப்பர் அல்ல. சூட்டைத் தாங்குவதற்கென்று ஆலையில் செய்யும் செயற்கை ரப்பர். உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழைக் கயிறு, பற்களின் மேல் நைலான் துணி. இழுவையைத் தாங்குவது அந்தக் கயிறுதான். அது உள்ளே நைந்துகொண்டிருந்தாலும் வெளியே பெல்ட் கறுப்பாக, பளபளவென்று புதிதுபோலத் தெரியலாம். செயினைப்போல் சத்தம் போட்டுச் சொல்லாது. ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நொடியில் பல் உரிந்துவிடும், அல்லது அறுந்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பதில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் உண்டு. பழைய பெட்ரோல் எஞ்சின்கள் சிலவற்றில் பிஸ்டன் மேலே வந்தாலும் வால்வில் இடிக்காத இடைவெளி இருந்தது. பெல்ட் போனால் வண்டி நிற்கும், வேறு பெல்ட் போட்டால் ஓடும். டீசலில் அதற்கு இடமே இல்லை. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தினால்தான் பழைய டீசல் எஞ்சினில் தீப்பிடிக்கும்; அதனால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடம்தான். பெல்ட் அறுந்த கணத்தில் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ஓடிய வேகத்தில் இன்னும் சுற்றும், திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் அடிக்கும். சில சமயம் ராக்கர் ஆர்ம் ஒடிந்து வால்வைக் காப்பாற்றும். இல்லையென்றால் வால்வு வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கக்கூடிய வேலை சில ஆயிரம் வெள்ளிக்குப் போய்விடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் டீசல் வண்டி திடீரென்று அணைந்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? அங்கேயே சாவியை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் அடிப்பதும் இன்னொரு வால்வை வளைக்கலாம்.

இந்த ரப்பரோடு வாழக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்நாளைய போர்மேன்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பட்டறைகளில் கைராசிக்காரர்கள் என்று பேர் வாங்கிய தமிழர்கள் பலருக்குப் பூர்வீகம் இரண்டு. ஒன்று ரயில்வே. மலாயா ரயில்வேயில் நெடுந்தூர ரயில்களை இழுக்கும் டீசல் இஞ்சின்கள் 1950-களின் இறுதியில் வந்தபோது செந்தூல் ரயில்வே பட்டறையில் அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் நம்மவர்களுடையவை. இன்னொன்று தோட்டம். கேரித் தீவிலும் காப்பாரிலும் டிராக்டரும் மின்சார ஜெனரேட்டரும் பார்த்தவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது டவுனுக்கு வந்து பட்டறை போட்டார்கள்.

தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த ஒரு கணக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டிராக்டரில் கிலோமீட்டருக்கு மதிப்பில்லை. அதன் மீட்டர் எண்ணுவது எஞ்சின் ஓடிய மணியை. ஜெனரேட்டர் இருந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. எத்தனை மணிக்கு ஒருமுறை ஆயில், எத்தனை மணிக்கு ஒருமுறை ஃபில்டர் என்றே அவர்களுக்குப் பாடம். அந்தக் கண்ணோடுதான் அவர்கள் காரையும் பார்த்தார்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் கேள்விதான் வரும்: "அண்ணே, காடி எங்க ஓடுது? தினம் கேஎல் ஜாம்லயா, இல்ல வெளியூருக்கா?"

பெல்ட் மாற்றும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். பஜேரோவில் வந்து, பிற்பாடு ட்ரைட்டன் பிக்கப்பிலும் நெடுங்காலம் ஓடிய மிட்சுபிஷி 2.5 லிட்டர் டீசலையே எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் மேரு சாலைப் பக்கத்துப் பட்டறைகளில் இன்றும் வந்து நிற்கும் எஞ்சின் அது. முதலில் ஃபேனும் வெளி பெல்ட்டுகளும் கழலும். பிறகு கிராங்க் புல்லி. பல வருஷம் இறுகிப்போன அந்த நடு போல்ட்டுக்கு நீளக் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்க வேண்டியிருக்கும். கவரைத் திறந்தால் பெரிய பெல்ட். அது கிராங்க், கேம் இரண்டை மட்டுமல்ல, டீசல் பம்பையும் சேர்த்து இழுக்கிறது. பெல்ட்டின் மேல் விழும் சுமையில் அந்தப் பம்புக்கும் பெரிய பங்கு உண்டு. பெரிய பெல்ட்டுக்கு உள்பக்கம் ஒளிந்து இன்னொரு சின்ன பெல்ட் இருக்கும், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. அது அறுந்தால் தானே பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஆனால் அறுந்த துண்டு பெரிய பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கினால் எல்லாம் முடிந்தது. பெரியதை மாற்றிவிட்டுச் சின்னதை அப்படியே விடுவது மிச்சம் பிடிப்பதாகாது.

போர்மேன் பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கிராங்கைத் திருப்பி, கேம், கிராங்க், பம்ப் மூன்றின் குறியையும் நேருக்கு நேர் நிறுத்துவார். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு. கழற்றியதும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கை ஒரு விரலால் சுண்டிவிட்டுக் காதை அருகே கொண்டுபோவார். சத்தமில்லாமல் கனமாகச் சுற்றி நின்றால் உள்ளே கிரீஸ் இருக்கிறது. வறட்டுச் சத்தத்தோடு விசிறிபோல் சுற்றினால் கிரீஸ் காய்ந்துவிட்டது. அடுத்து ஆயில் சீல். கிராங்கின் முன் சீலைச் சுற்றி விரலைத் தடவிப் பார்த்து, பிசுக்கு இருந்தால் சீலையும் மாற்றியே தீர வேண்டும் என்பார். எண்ணெய் ஊறிய பெல்ட் உப்பி, பல் மெத்தென்று ஆகி உரியும். புதுப் பெல்ட்டை மடக்க விடமாட்டார். மடித்த இடத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி இழை ஒடியும். மாட்டியபின் சாவியைத் தொடமாட்டார். கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று திருப்புவார். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று. அப்போதுதான் குறிகள் மறுபடி சேரும். நடுவில் எங்காவது முட்டினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பார்ப்பார். எல்லாம் சரியென்றால் கவரை மூடி, அதன்மேல் அதே வெள்ளைப் பெயின்ட்டால் தேதியும் மீட்டர் எண்ணும் எழுதுவார். வண்டி கைமாறினாலும் அந்த எழுத்து வண்டியோடு போகும்.

இன்று காட்சி மாறிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பெட்டிகள் நின்ற பெரிய யார்டின் மேல் கேஎல் சென்ட்ரல் எழும்பி 2001-இல் திறந்தது. 2010-இல் லிட்டில் இந்தியா வந்தது. நிலம் ஏறிய விலைக்கு எண்ணெய்க் கறை படிந்த தகரக் கொட்டகைகள் அங்கே நிற்க வழியில்லை. முடிவெடுக்கும் வேலையும் போர்மேன் கையிலிருந்து டாஷ்போர்டுக்குப் போய்விட்டது. டொயோட்டா டீசல்களில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு உண்டு. பழைய எஞ்சின்களில் 100,000 கிலோமீட்டருக்கும், ஹைலக்ஸ் வீகோவின் எஞ்சினில் 150,000 கிலோமீட்டருக்கும் எரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதில்லை. கிலோமீட்டரை எண்ணி, கணக்கு வந்ததும் எரிகிறது, அவ்வளவே. பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிடலாம். மாற்றியபின் அணைக்க மறந்தும் விடலாம். செகண்ட் ஹேண்ட் வாங்கும் மனிதருக்கு விளக்கு எரியாததைத் தவிர பெரும்பாலும் வேறு சாட்சி கிடையாது. உரிமை மாற்றத்துக்குப் புஸ்பாகோம் சோதனை உண்டே என்றால், அது டைமிங் கவரைத் திறந்து பார்க்கும் சோதனை அல்ல.

இதற்கிடையில் செயின் திரும்ப வந்துவிட்டது. 2016-இல் மலேசியாவுக்கு வந்த புதிய ஹைலக்ஸில் செயின். ட்ரைட்டனின் 2.4 லிட்டர் எஞ்சினிலும் செயின். மைவி 2005-இல் வந்தபோதே அதன் பெட்ரோல் எஞ்சின் செயின்தான். "இப்பல்லாம் பெல்ட் மாத்துற வேலையே இல்ல" என்ற பேச்சு பரவிவிட்டது. புது வண்டி வாங்குகிறவர்கள் பலருக்கு அது உண்மை. எனக்குக் கவலை, அந்தப் பேச்சை நம்பும் பழைய வண்டிக்காரர்களைப் பற்றி. புல்வெட்டும் கான்ட்ராக்ட் எடுத்தவர், ஏர்கோன் பழுது பார்ப்பவர், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர், கேட்டரிங் நடத்தும் குடும்பம், இவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 2016-க்கு முந்திய வீகோ, அல்லது பழைய 2.5 ட்ரைட்டன். மூன்றாவது, நான்காவது சொந்தக்காரர்கள். முதல் சொந்தக்காரரின் சர்வீஸ் புத்தகம் எங்கோ தொலைந்திருக்கும். மீட்டரைப் பின்னால் திருப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. வண்டி நின்றால் அன்றைய வேலை நின்றது என்ற நிலையில் இருப்பவர்களும் இவர்களே.

அந்தத் தோட்டத்து மணிக்கணக்கு இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அன்றைவிட அதிகம் பொருந்துகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் ஓடும் வண்டி, சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். 100,000 கிலோமீட்டர் ஓட அதற்கு ஏறக்குறைய 1,430 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் கிராங்க் சுற்றியது 17 கோடி முறை. கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் நடுவே தினம் ஜாமில் கிடக்கும் வண்டியின் சராசரி வேகம் 25 என்றால், அதே 100,000 கிலோமீட்டருக்கு 4,000 மணி நேரம். நின்று நின்று போவதால் சராசரி 1,300 சுற்று என்றே வைத்துக்கொண்டாலும் 31 கோடி முறை. மீட்டரில் இரண்டும் ஒரே எண். பெல்ட்டுக்கு ஒன்று மற்றதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதன்மேல் சூடு வேறு. ஓடும் வண்டிக்குக் காற்று அடிக்கும். தீபாவளிக்கு முன் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு நகராமல் நிற்கும் பிக்கப்பின் பானட்டுக்குள் அந்தச் சூடு போக இடமில்லை.

ஓடாமல் கிடப்பதும் ரப்பருக்கு நல்லதல்ல. 2020 மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மாதக்கணக்கில் வண்டிகள் வீட்டு வாசலில் நின்றன. மீட்டர் நின்றது, ரப்பரின் வயது நிற்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெள்ளம். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறிய அந்த நாட்களில் மூழ்கிய வண்டிகள் கொஞ்சமல்ல. அவற்றில் பல கழுவி, காயவைத்து, மறுபடி சந்தைக்கு வந்தன. டைமிங் கவர் தண்ணீர் புகாத பெட்டி அல்ல. சேறு உள்ளே போனால் மணல் பல்லை அரைக்கும், டென்ஷனர் பேரிங்கில் துரு ஏறும். மூழ்கிய வண்டி என்று தெரிந்தால், ஏன், சந்தேகம் வந்தாலே போதும், மீட்டர் 40,000 காட்டினாலும் பெல்ட்டையும் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும்.

2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான உதவித் தொகை மாற்றியமைக்கப்பட்டது. முந்தின நாள் லிட்டர் 2 ரிங்கிட் 15 காசு, அன்று 3 ரிங்கிட் 35 காசு. தகுதி பெற்ற தனிநபர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி வந்தது. விலை அதற்குப் பிறகு சந்தையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. மாதம் 300 லிட்டர் ஊற்றுகிற ஒருவருக்குச் செலவு 360 ரிங்கிட் கூடியது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இன்றைக்கு வலிக்காத செலவிலிருந்து. ஆயில் மாற்றத் தள்ளிப் போடலாம், டயர் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். பெல்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது கண்ணிலேயே படாதே. வறுமைக்கு நடுவே எடுக்கும் இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தள்ளிப் போடக் கூடாதவற்றில் பெல்ட்டை முதலில் வைக்கச் சொல்வேன். தேய்ந்த டயரும் கறுத்த ஆயிலும் கொஞ்சமாவது முகம் காட்டும். பெல்ட் காட்டாது.

என் அபிப்பிராயம் இது. வண்டியோடு வந்த மேனுவல் சொல்லும் எண் உச்ச வரம்பு. அதைத் தாண்டவே கூடாது. ஜாமிலேயே ஓடும் வண்டிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடலாம். 150,000 என்றால் 120,000. 100,000 என்றால் 80,000. உங்கள் டாஷ்போர்டு சராசரி வேகம் காட்டுமானால், அது 30-க்குக் கீழே இருப்பதே ஜாம் வண்டி என்பதற்கு அடையாளம். எத்தனை குறைவாக ஓடியிருந்தாலும், நம் வெயிலில் ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை நம்பமாட்டேன். கவருக்குக் கீழே எண்ணெய்க் கசிவு தெரிந்தால் கிலோமீட்டரும் வருஷமும் பேச்சே இல்லை. மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், சீல் எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். சில எஞ்சின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட் சுற்றுகிறது, அங்கே அதுவும் சேரும். விலையைப் பார்த்துப் போலி பெல்ட்டில் விழுந்துவிடாதீர்கள்; அட்டைப்பெட்டி அசல்போலவே இருக்கும்.

புது வண்டியிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் வந்த ஃபோர்ட் ரேஞ்சரின் 2 லிட்டர் இரட்டை டர்போ டீசலில் இருப்பது எஞ்சினுக்கு உள்ளேயே ஆயிலில் நனைந்து ஓடும் ரப்பர் பெல்ட். அங்கே பெல்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் ஆயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. குறித்த ரக ஆயிலை விட்டு மலிவானதை ஊற்றினாலோ, மாற்ற வேண்டிய நேரத்தைத் தாண்டினாலோ ரப்பர் உதிர்ந்து, அந்தத் தூள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கலாம். தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. எஞ்சினின் முன்பக்கத்தையே கழற்ற வேண்டும்.

பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் பெல்ட் எப்போது மாற்றியது, யார் மாற்றியது, சீலும் மாற்றியதா என்று கேளுங்கள். ரசீதோடு பதில் வராவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். வாங்கிய வாரத்திலேயே பட்டறைக்குப் போங்கள். இந்த எஞ்சின்களுக்கு ஒரு நாள் வேலை. கவரை மூடும் முன் ஒருமுறை எட்டிப் பார்த்து, கழற்றிய பழைய பெல்ட்டையும் புதுப் பெல்ட்டின் மேல் அச்சடித்த எண்ணையும் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பெயின்ட் இருந்தால் கவர்மேல் தேதி எழுதச் சொல்லுங்கள். கேட்டால் இன்றும் எழுதித் தருகிறார்கள்.